சுக்கான் காட்டு மாதிரி

ஜீப்பில் வந்து இறங்குகிறவன் எவனும் கொடுத்துவிட்டுப் போக வருவதில்லை என்பது ரத்தினசாமியின் அனுபவம். அதனால் திருத்தங்கல் ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில் ஒரு வெள்ளை ஜீப் தன் காட்டைப் பார்த்து வந்ததும், மனுசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதையை மறித்து நின்றார்.

மூன்று ஏக்கர் கரிசல். நல்ல மண்தான், ஆனால் ஒரு முழம் தோண்டினால் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் தட்டும். ஒவ்வொரு உழவுக்கும் கலப்பைக் கொழு மழுங்கும், டிராக்டர்காரன் முணுமுணுப்பான். இருந்தாலும் அந்தக் காட்டைப் பற்றி வேறு யாராவது குறை சொன்னால் ரத்தினசாமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் அப்பன் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான்.

ஜீப்பிலிருந்து இறங்கியது ஒரு சின்னப் பெண். பெயர் பெர்சிஸ் என்றாள். சாத்தூரில் ஒரு நர்ஸின் மகளாம். கனிம ஆராய்ச்சி நிலையத்தில் வேலையாம்.

"கலெக்டர் ஆபீசுல சொல்லிட்டுத்தான் வந்திருக்கோம் ஐயா. உங்க காட்டுல ரெண்டு மூணு எடத்துல மாதிரி எடுத்துக்கிடுறோம்."

"மாதிரின்னா?"

"கல்லும் மண்ணும் கொஞ்சம். பரிசோதனைக்கு."

"இப்ப மாதிரி எடுப்பீக. நெசத்தை எப்ப எடுப்பீக?"

பெர்சிஸ் சிரித்துவிட்டாள். ரத்தினசாமி சிரிக்கவில்லை. சிமெண்டுக் கம்பெனிக்குக் கல் வேண்டும், கல் இருக்கிற காடு வேண்டும், அப்புறம் காட்டுக்காரன் வேண்டாம். இது தெரியாதா அவருக்கு?

அவர் மறித்து நின்ற நேரத்தில் பின்னாலிருந்து ஆவுடைத்தாய் மோர்ச் செம்போடு வந்துவிட்டாள். அவருடைய பெண்டாட்டி. "வெயில்ல நிக்க வச்சு என்ன வழக்கு? புள்ள குழியைத் தோண்டி மூடிட்டுப் போகட்டுமே. குடி கண்ணு" என்று செம்பை நீட்டினாள். மோரைக் குடித்த பிள்ளையை விரட்டுவது எப்படி? அப்படித்தான் குழி விழுந்தது.

மாலைக்குள் நாலு சாக்கு மூட்டை நிறைந்துவிட்டது. ஜீப்பில் ஏற்கெனவே மற்ற ஊர்களின் மூட்டைகள் கூரை முட்ட இருந்தன. "மோட்டார் ரூம்ல இருக்கட்டும் ஐயா. காலையில வண்டி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு, மூட்டைக்கு மூட்டை சீட்டுக் கட்டிவிட்டு, பெர்சிஸ் போய்விட்டாள்.

ரத்தினசாமி மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் காட்டை யாரோ வெட்டி மூட்டை கட்டி வைத்த மாதிரி இருந்தது. கல் நல்ல கல் என்று தெரிந்துவிட்டால்? சட்டென்று எழுந்தார். மூட்டைகளைக் கவிழ்த்துக் கொட்டினார்.

காலிச் சாக்கில் எதை நிரப்புவது? ரோட்டோரக் கல்லை எடுத்தால் அரசாங்கச் சொத்து. பக்கத்துக் காட்டு மண்ணை எடுத்தால் அது பக்கத்துக் காட்டுக்காரனுக்குச் செய்கிற பாவம். யோசித்தவருக்குப் பொட்டல் நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் பட்டாசுக் கம்பெனிக்காரன் ஒருவன் சரக்கு நன்றாக வெடிக்கிறதா என்று வெடித்துப் பார்த்த இடம். கம்பெனி இடம் மாறிப் போயும் அங்கே இன்னும் புல் முளைத்தபாடில்லை. வெந்த மண். அதில் என்ன சத்து இருக்கப்போகிறது? மொபெட்டில் சாக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு நடை போய் வந்தார். சீட்டை அதே முடிச்சில் கட்டினார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் வண்டி வந்து மூட்டைகளை ஏற்றிப்போனது. ஆடி போய் ஆவணி வந்தது. ரத்தினசாமி சங்கதியையே மறந்திருந்தார். அப்போது மூன்று ஜீப் வந்தது.

முதல் ஜீப்பிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரிய அதிகாரி குதித்தார். சென்னைக்காரர். பெயர் விக்னேஷ்வரன். ரத்தினசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"பெரியவரே, உங்க நிலம் சாதாரண நிலம் இல்லை! சுண்ணாம்புக்கல்தான் இருக்கும்னு நினைச்சோம். பேரியம் வந்திருக்கு. ஸ்ட்ரான்சியம் வந்திருக்கு. அலுமினியம், செம்பு... இந்த வட்டாரத்துல இப்படி ஒரு மண்ணை யாருமே பார்த்ததில்லை!"

பேரியம் என்றால் என்ன என்று சிவகாசிப் பக்கம் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வாணத்துக்குப் பச்சை நிறம் தருகிற சரக்கு. ஸ்ட்ரான்சியம் சிவப்புக்கு. ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்திருப்பது பழைய தீபாவளியை.

விக்னேஷ்வரன் துப்பாக்கி போல ஒன்றை எடுத்தார். ரத்தினசாமி ரெண்டு எட்டு பின்னால் போனார்.

"பயப்படாதீங்க. இது சுடாது. கல்லுமேல வச்சா என்ன தாது இருக்குன்னு இங்கேயே சொல்லிடும்."

குழி இருந்த இடத்தில் வைத்தார். பார்த்தார். தள்ளி வைத்தார். பார்த்தார். முகம் சுருங்கியது. "வெறும் சுண்ணாம்பும் மணலும்தான் காட்டுது. பேரியமே இல்லையே." கொஞ்ச நேரம் நாடியைத் தடவினார். பிறகு கண் மலர்ந்தது. "அப்போ ஆழத்துல இருக்கு! மேல ஒரு பிசிறு மாட்டியிருக்கு. துளை போடுற மெஷினைக் கொண்டு வரணும். காடு முழுக்கக் கட்டம் போட்டுத் துளைக்கணும்."

காடு முழுக்க! ரத்தினசாமி காட்டைத் திரும்பிப் பார்த்தார். சும்மா இருந்திருந்தால் ரெண்டு மூணு குழியோடு போயிருக்கும். காட்டைக் காப்பாற்றப் போய்க் காட்டைச் சல்லடையாக்கக் கூப்பிட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் கலெக்டர் ஆபீசில் என்ன கேஸ் போடுவார்களோ. சொல்லாவிட்டால் துளை.

பின்னால் ஜீப்பில் வந்திருந்த பெர்சிஸ் முன்னால் வந்தாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ரத்தினசாமியின் உள்ளங்கையில் வைத்தாள். துருப்பிடித்த கம்பி. ஒரு பக்கம் கருகிய கட்டி.

"உங்க மூட்டையைச் சலிச்சப்ப சல்லடையில நின்னுச்சு ஐயா. சாருகிட்ட நேத்தே காட்டினேன், ஏதோ வேலிக் கம்பின்னுட்டாரு. நீங்க சொல்லுங்க. உங்க காட்டுல கம்பி மத்தாப்பு வெளையுமா?"

ஆவுடைத்தாய் எட்டிப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "அன்னைக்கு மொபெட்டுல சாக்கைக் கட்டிக்கிட்டுப் போனது இதுக்குத்தானா? நான் உரம் வாங்கப் போறீகன்னுல்ல நெனச்சேன்!"

"ஏ புள்ள, நீ சும்மா கெட" என்ற ரத்தினசாமி தொண்டையைச் செருமினார். "ஆமா. மாத்தினேன். பொட்டல் மண்ணு அது. பட்டாசு வெடிச்ச எடம். என் காட்டுல ஓட்டை போட வேணாம்."

விக்னேஷ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் மாத்தினீங்க?"

"நல்ல கல்லுன்னு தெரிஞ்சா காட்டைப் புடுங்கிக்கிடுவீகல்ல?"

முதலில் டிரைவர் சிரித்தார். பிறகு பெர்சிஸ். விக்னேஷ்வரன் ஜீப்பின் பானட்டில் சாய்ந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "டெல்லிக்கு வேற போன் பண்ணிட்டேனே" என்றார்.

"ஐயா, இப்ப கருவி காட்டுனதைப் பாத்தா உங்க கல்லு மட்டக் கல்லு. மணல் ஜாஸ்தி" என்றாள் பெர்சிஸ். "இந்தக் கல்லுக்காக எந்தச் சிமெண்டுக் கம்பெனியும் உங்க வாசலுக்கு வராது."

"மட்டக் கல்லா?" ரத்தினசாமி நிமிர்ந்தார். "எவன் சொன்னான்? எங்கப்பன் இந்தக் கல்லைச் சுட்டுத்தான் வீட்டுக்கே வெள்ளை அடிச்சாரு!"

"இந்தா, இப்ப கல்லுக்கு வக்காலத்து" என்றாள் ஆவுடைத்தாய்.

"மட்டக் கல்லுங்கிறதாலதான் எங்களுக்கு வேணும்" என்றாள் பெர்சிஸ். நல்ல கல் எங்கும் குறைந்துகொண்டே வருகிறதாம். மட்டக் கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, சோப்பு மாதிரி ஒரு மருந்து ஊற்றிக் காற்றை விட்டால், சுண்ணாம்பு நுரையோடு மேலே வந்துவிடுமாம். மணல் அடியில் தங்கிவிடுமாம். நுரையை வழித்தால் நல்ல சரக்கு.

"பதருதான் மெதக்கும், நெல்லு தங்கும். நீ தலைகீழாச் சொல்றியே தாயி."

"இங்க நெல்லுதான் ஐயா மெதக்குது. வேணும்னா வந்து பாருங்க. சோதனைக்கு எங்களுக்கு ஒரு லோடு கல்லு வேணும். நெலம் வேணாம்."

"வேணாம் வேணாம்னு சொல்றவந்தான் ரெண்டு கையாலயும் அள்ளுவான்" என்றார் ரத்தினசாமி. ஆனாலும் கண் தானாக வரப்போரம் போனது. வருஷ வருஷமாக உழவில் கிளம்பிய சுக்கான் கல்லை அங்கேதான் குவித்திருந்தார். பாம்பு அடைவது தவிர வேறு பிரயோசனம் இல்லாத குவியல். அதை அப்புறப்படுத்த டிராக்டர்காரன் கேட்ட கூலியில் ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம்.

"கல்லை மட்டுந்தான் எடுக்கணும். நீங்களே ஏத்தணும். நான் கூட நிப்பேன்."

அடுத்த வாரம் டிப்பர் லாரி வந்தது. முதல் நாள்தான் ஒரு மழை பெய்து கரிசல் இளகியிருந்தது. ஆட்கள் கல்லை ஏற்றினார்கள். ரத்தினசாமி ஒவ்வொரு கூடையிலும் குனிந்து பார்த்தார், மண் ஒட்டியிருந்தால் தட்டச் சொன்னார். பெர்சிஸ் வெயிலில் நின்று பொறுத்துக்கொண்டாள். லோடு ஏறி, தார்ப்பாய் கட்டி, லாரி புறப்பட்டுப் பாதையின் விளிம்புக்கு வந்துவிட்டது.

"ஏலே, நிறுத்துலே!"

டிரைவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். ரத்தினசாமி மண்வெட்டியோடு ஓடி வந்தார். டயர் முழுக்கக் கரிசல் அப்பம் அப்பமாக ஒட்டியிருந்தது.

"கல்லுன்னுதானே பேச்சு? மண்ணு எங்க போகுது?"

குத்தவைத்து உட்கார்ந்தார். முன் டயரில் தொடங்கி ஒவ்வொரு டயராகச் சுரண்டினார். இடுக்கில் இருந்ததை விரலால் நோண்டினார். சுரண்டிய மண்ணைக் கூடையில் அள்ளி, காட்டுக்குள் போய்க் கொட்டிவிட்டு வந்து, கையைத் தட்டிக்கொண்டார்.

"ம், இப்ப போகலாம்" என்றார். "அந்த நுரை வார அன்னைக்குச் சொல்லி அனுப்பு தாயி. என் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."