எடை சொல்லும் கம்பி

அக்கா, திங்கட்கிழமை வண்டி சோதனையில் தேறிவிட்டது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். தேறவில்லை. நீ ஃபோனை வைத்த பிறகு, கதவைத் திறந்து இறங்கக்கூடத் தோன்றாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்று வியாழன். அதே சோதனை நிலையம், அதே வரிசை. எனக்கு முன்னால் ஏழு வண்டிகள். கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. தனியாகப் பேசும் இவனுக்கு என்ன கோளாறோ என்று பக்கத்து வரிசைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சும்மா உட்கார முடியவில்லை. இறங்கி டயரைத் தொட்டுப் பார்க்கிறேன், ஏறுகிறேன், மறுபடி இறங்குகிறேன். அதற்கு உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது மேல்.

இன்று தேறினால், ஆஸ்பத்திரிக்குத் துணி மூட்டை கொண்டுபோகும் வேலை நாளைக் காலையிலிருந்து எனக்கு. தேறாவிட்டால் வேறொருவன் வண்டியோடு தயாராக நிற்கிறான். நான் சலவைக்கூடத்தில் பழையபடி மூட்டை கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

எல்லாம் என் வாயால் வந்தது. மூட்டை கொண்டுபோகிறவர் வேலையை விட்டதும் முதலாளியம்மா எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"யார்கிட்டயாவது வண்டி இருக்கா?"

"இருக்கு மேடம்," என்றேன். அப்போது இல்லை.

"நாப்பது மூட்டையும் ஒரே தடவையில போகுமா?"

"தாராளமா போகும் மேடம்."

உனக்குத்தான் தெரியுமே, எனக்கு வாய் முன்னால் ஓடும், கால் நொண்டிக்கொண்டு பின்னால் வரும். அடுத்த வாரமே என் அறை நண்பனும் நானும் சேர்ந்து இந்த பிக்கப்பை வாங்கினோம். அவன் ஒரு கேண்டீனில் சமையல்காரன். எந்த விஷயமானாலும் ஒரு கருத்து வைத்திருப்பான், ஒன்றும் தெரியாது. அதனால் அறையில் எல்லோரும் அவனை நிபுணர் என்றுதான் கூப்பிடுகிறோம். இந்த நாட்டில் ஸ்டீயரிங் இடது பக்கம் என்பதால், வண்டியில் வலது பாதி தன்னுடையது என்பான். ஓட்டத் தெரியாது.

வண்டிக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. வெள்ளை நிறம் பிஸ்கட் நிறமாகிவிட்டது. என் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்கும். ஜன்னலை இறக்கும் கைப்பிடி இல்லை. கேண்டீனில் உடைந்த கரண்டியின் காம்பைச் செருகியிருக்கிறோம். மங்கிப்போன முன்விளக்கை ஒரு மாலை முழுக்கப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். வண்டியின் தரையைத் துரு தின்றிருந்தது. சலவைக்கூடத்தில் தூக்கிப் போட்ட ஒரு மெஷினின் முன் தகட்டை வெட்டி அந்த ஓட்டையில் வைத்து முடுக்கினேன். 'மென்மையான துணிகள்' என்று அதில் அச்சடித்திருப்பது இன்னும் அழியவில்லை. நிபுணர் அந்த எழுத்தின் மேல்தான் செருப்புக் காலை வைத்து உட்காருவான்.

இது வரைக்கும் எல்லாம் சரி. சொன்னால் நம்ப மாட்டாய், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் ஒரு நாள் முப்பது மூட்டையை ஏற்றிப் பார்த்தோம். பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முன்விளக்கு வானத்தைப் பார்த்தது. நாற்பது எப்படிப் போகும்? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

பின் அச்சோடு சேர்த்து, வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பாரம் தாங்குவது அதுதான். பழைய இரும்புக் கடைக்குப் போய், வேறு வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு பட்டைகளை எடுத்தேன், பக்கத்துக்கு ஒன்று.

"தம்பி, இது உன் வண்டிக்குப் பொறந்தது இல்ல," என்றார் கடைக்காரர்.

"பொருந்துமா?"

"எல்லாம் பொருந்தும். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

ஞாயிறு முழுவதும் ஜாக்கியில் ஏற்றி, பட்டையைச் சேர்த்து இறக்கினேன். பின்பக்கம் நான்கு விரல் உயர்ந்துவிட்டது.

"பாருடா, குதிரை மாதிரி நிக்குது!" என்று நிபுணர் சுற்றிச் சுற்றி வந்தான். எனக்கு மட்டும் வேறு கவலை. வண்டியில் எதையாவது மாற்றினால் சோதனையில் சொல்ல வேண்டும். சொன்னால் அனுமதித் தாள் கேட்பார்கள், தாளுக்கு இன்னொரு வரிசை, அதற்குள் வேலை தொடங்கும் வெள்ளிக்கிழமை போய்விடும். பழைய எண்ணெயில் மண்ணைக் குழைத்துப் பட்டையின் மேல் பூசி, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்தது மாதிரி ஆக்கிவிட்டேன்.

ஒரு நிமிடம் அக்கா, வரிசை நகர்கிறது.

இப்போது முன்னால் நான்கு. திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சோதனை அதிகாரி என்னைவிடச் சின்ன உருவம், காதில் பேனா. சக்கரங்களைச் சுழலும் உருளையின் மேல் ஏற்றி பிரேக்கை மிதிக்கச் சொன்னார். முன்பக்கம் சரி. பின்பக்கம், பிரேக்கின் வலுவைக் காட்டும் முள் பாதிகூட ஏறவில்லை.

"பின் பிரேக் போதாது. ஸ்பிரிங்ல ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்ல சார்."

"உயரமா தெரியுதே?"

"வாங்கினப்பவே இப்படித்தான் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் உருளையைப் பார்த்தேன். "சரி, பிரேக்கைப் பாருங்க. வியாழக்கிழமைக்குள்ள வாங்க," என்று தாளைக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் உன்னிடம் தேறிவிட்டது என்றேன்.

செவ்வாய்க்கிழமை பின் சக்கரத்து பிரேக் ஷூ இரண்டையும் மாற்றினேன். அப்புறம் குழாயில் காற்று இருக்குமோ என்று அதை எடுக்க உட்கார்ந்தோம். நான் வண்டிக்கடியில், நிபுணர் பிரேக்கில்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"பிடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

"எதை?"

"காலை!"

"விட்டுட்டேனே."

இப்படியே எத்தனை தடவை என்று கேட்காதே. கடைசியில் பிரேக் ஆயில் என் சட்டைக்குள் போனதுதான் மிச்சம். "காற்று போச்சா?" என்று கேட்கிறான். "எனக்குப் போயிடுச்சு," என்றேன். பின்னாலிருக்கும் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தால், முன் சக்கரம் மண்ணில் கோடு போடுகிறது, பின் சக்கரம் சும்மா உருண்டுகொண்டே வருகிறது. மறுநாள் சக்கரத்துக்குள் இருக்கும் சிலிண்டரையும் மாற்றினேன். அப்போதும் அதே கதைதான்.

அந்த நேரம் பார்த்து நிபுணருக்கு கேண்டீனுக்கு உருளைக்கிழங்கு எடுத்துவர வேண்டியிருந்தது. "வண்டியில என் பாதி சும்மாதானே இருக்கு," என்றான். கோபமாக வந்தது. ஆனாலும் போனேன். பதினைந்து சாக்கு ஏற்றித் திரும்பும்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. மிதித்தேன். அக்கா, பின் சக்கரம் பிடித்தது! சாக்குகள் முன்னால் சரிந்தன. நாய் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று.

"சரியாயிடுச்சுடா!" என்று கத்தினேன். கேண்டீனில் சாக்குகளை இறக்கிவிட்டு மறுபடி மிதித்தேன். பிடிக்கவில்லை. ஏற்றினால் பிடிக்கிறது, இறக்கினால் பிடிக்கவில்லை.

"அப்போ சாக்கோடவே சோதனைக்குப் போயிடு," என்றான் நிபுணர்.

நான் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, அவனை ஒவ்வொரு சாக்காகத் திரும்ப ஏற்றச் சொன்னேன். முழு கேண்டீனும் வேடிக்கை பார்த்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது. பின் அச்சிலிருந்து மேலே போகிற, விரல் தடிமன் கம்பி ஒன்று. சாக்கு விழ விழ வண்டி தாழ்கிறது, கம்பியின் நுனி மெல்ல மேலே சாய்கிறது. அந்த நுனிதான் பின்பக்கத்துக்கு எவ்வளவு பிரேக் அனுப்பலாம் என்று பிரேக் ஆயில் குழாயில் இருக்கும் ஒரு சின்ன வால்வுக்குச் சொல்கிறது. காலி வண்டி என்றால் கொஞ்சம், பாரம் என்றால் நிறைய. நான் பட்டையைச் சேர்த்து வண்டியை நான்கு விரல் தூக்கிவிட்டேன் இல்லையா, காலியாக இருப்பதைவிடவும் காலி என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. நாற்பது மூட்டை ஏற்றினாலும் பாதிதான் ஏற்றியிருக்கிறேன் என்று நினைக்கும். இரண்டு நாளாக நான் மாற்றிய ஷூவுக்கும் சிலிண்டருக்கும் ஒரு கோளாறும் இல்லை.

அங்கேயே பட்டையைக் கழற்றியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு துண்டு வயரை எடுத்து அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டேன். எப்போதும் பாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும், உருளையில் முள் ஏறிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது?

இந்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது தாண்டிவிடு.

சாக்குகளை இறக்கிவிட்டு வீடு திரும்பினோம். தூறல். வளைவில் சிக்னல் சிவப்பாயிற்று, மிதித்தேன். காலி வண்டியின் பின்பக்கம் இறுகப் பிடித்துக்கொண்டு, தானாக ஒரு பக்கம் சுற்றிக்கொண்டு போயிற்று. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று ஞாபகமில்லை. நின்றபோது, வந்த வழியைப் பார்த்து நின்றிருந்தோம். நடைபாதையில் ஒரு பெண், குடை, இடுப்பில் குழந்தை. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வண்டி நீளம்கூட இல்லை. குழந்தை கையை ஆட்டியது.

நிபுணர் ரொம்ப நேரம் 'மென்மையான துணிகளை'யே பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், நாம எந்தப் பக்கம் போய்ட்டிருந்தோம்?" என்றான். இறங்கி, அந்த மழையிலேயே படுத்து, வயரை வெட்டினேன்.

இன்று விடிந்ததும் பட்டைகள் இரண்டையும் கழற்றிவிட்டேன். நிபுணர் வேலைக்குப் போகத் தாமதமானாலும் பரவாயில்லை என்று ஜாக்கியைப் பிடித்துக்கொண்டான். ஒரு கருத்தும் சொல்லவில்லை.

அக்கா, அடுத்தது நான்தான்.

முடிந்தது. வெளியே வந்து, மதில் ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். அதே அதிகாரி. காதில் அதே பேனா. வண்டியைப் பார்த்ததுமே, "இறங்கியிருக்கே?" என்றார்.

"சார், திங்கட்கிழமை நான் பொய் சொல்லிட்டேன். பட்டை சேர்த்திருந்தேன். இன்னிக்குக் காலைல எடுத்துட்டேன்."

"மண்ணு பூசினதும் நீங்கதானா?"

"தெரிஞ்சுதா சார்?"

"வண்டி பூரா காய்ஞ்ச மண்ணு, அங்க மட்டும் ஈர மண்ணு. அன்னிக்கே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. எதுக்குப் பயம்? நான் என்ன கடிக்கவா போறேன்?"

டார்ச்சோடு குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. "இந்தக் கம்பியில என்ன, ஏதோ கட்டின தடம்?"

என் கால் தானாகப் பின்னால் போயிற்று. "நான்தான் சார். நேத்து. வண்டி சறுக்கிடுச்சு, உடனே வெட்டிட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுபடி குனிந்து கம்பியை விரலால் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். "உருளைல ஏத்துங்க," என்றார். மிதித்தேன். முள் ஏறியது, தேற வேண்டிய கோட்டைத் தாண்டியது, நின்றது. தாளில் எதையோ வட்டம் போட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இந்த வண்டி தாங்குற எடை இது. இதுக்கு மேல ஒரு தலைகாணி உறைகூட ஏத்தக்கூடாது."

கணக்குப் போட்டால் இருபத்திநாலு மூட்டை. உடனே முதலாளியம்மாவுக்கு ஃபோன் செய்தேன். யோசித்தால் வாய் முன்னால் ஓடிவிடும் என்றுதான் உடனே செய்தேன்.

"மேடம், வண்டி தேறிடுச்சு."

"நல்லது. ஆறு மணிக்குள்ள நாப்பதும் அங்க இருக்கணும்."

"மேடம், ஒரே தடவையில போகாது."

"தாராளமா போகும்னியே?"

"அன்னிக்கு வண்டியே இல்ல மேடம். சும்மா சொல்லிட்டேன். இருபத்திநாலுக்கு மேல ஏத்தினா பிரேக் தாங்காது. ரெண்டு தடவையா கொண்டுபோறேன்."

"வண்டியே இல்லையா?"

"இல்ல மேடம்."

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம். நான் காதிலிருந்து ஃபோனை எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தேன்.

"ரெண்டாவது தடவைக்கு பெட்ரோல் உன் தலையில," என்றார். "அஞ்சுக்கு வரச் சொன்னேன் இல்ல, நாலுக்கு வா. நாலேகாலுக்கு வந்தா, மத்தவன் ஏத்திட்டிருப்பான்."

அவ்வளவுதான். நாளைக்குப் போக வேண்டும். கழற்றிய பட்டைகள் இரண்டும் வண்டியின் பின்னால் கிடந்து வளைவுக்கு வளைவு மோதிக்கொண்டு வந்தன. கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். நிபுணருக்கு ஃபோன் செய்தால், அறைக்கு அலமாரி செய்யலாம் என்கிறான். கருத்து திரும்பி வந்துவிட்டது.

அக்கா, எனக்கு மூன்று மணிக்கு ஃபோன் பண்ணு. அலாரம் வைத்தாலும் எனக்குக் கேட்காது என்று உனக்குத் தெரியும். நேர வித்தியாசத்தில், அங்கே ஊரில் உங்களுக்கு அப்போது எல்லோரும் விழித்திருக்கும் நேரம்தானே. நான் எடுத்து "எழுந்துட்டேன்" என்று சொன்னால் நம்பாதே. வண்டி கிளம்பும் சத்தம் கேட்கிற வரைக்கும் வைத்துவிடாதே.