கலக்காத கிளாஸ்

பஹ்மியின் வலது கால் பெருவிரல் மட்டும் குசினி நிலைப்படியில் ஏறி நின்றது. அதற்கு மேல் ஓர் அங்குலம் போனாலும் மாமி ரபீகா கையிலிருந்ததை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

"மகன், நீங்க ஹோல்ல போய் ஃபேனுக்குக் கீழ இரிங்கோ. என்ன செய்யோணும் எண்டு அங்க இருந்து சொல்லுங்கோ. ஏன்ட கையால நான் செஞ்சி தாரேன்."

கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. அலவத்துகொடையில் பெண் வீட்டோடு இருக்கும் புது மாப்பிள்ளை குசினிக்குள் போனால், அந்த வீட்டுப் பெண்களுக்குக் கை விளங்கவில்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும். மாப்பிள்ளை என்றால் கதிரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்; சாப்பாடு அவனைத் தேடி வர வேண்டும்; மீன் தலை அவனுக்கு; கடைசியாகக் கை கழுவத் தண்ணீரும் அவனுக்கு. அவர்கள் வீட்டுக் குசினி ஜன்னலுக்கும் அடுத்த வீட்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு கொய்யா மரம்தான் நின்றது. அந்த மரத்தின் இலைகள் இதுவரை எதையும் மறைத்ததில்லை.

ஆனால் அன்றைக்கு அந்த ஊர் வழக்கம் பஹ்மிக்கு ஒத்துவரவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் மக்கீன் மாமா வருகிறார். ரபீகாவின் மூத்த நானா, கூடப் பிறந்த அண்ணன். அக்குறணை ரோட்டில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். அந்தக் கடையின் முன் அறை, அதில் போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டிருந்தவர் காலி செய்து போனதிலிருந்து பூட்டியே கிடக்கிறது. அதைத் தந்தால் குளிர்பானக் கடை போடுவேன் என்று பஹ்மி கேட்டபோது மாமா சத்தமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஞாயித்துக்கெழம வாரேன், செஞ்சி காட்டுங்கோ. சரிவந்தா சாவி ஒங்களுக்கு. சரிவராட்டி திங்கக்கெழமயில இருந்து ஏன்ட கடையில காஷியர் கதிர. பிறகு வேற பேச்சு இல்ல" என்றார். பெயின்ட் டின்களுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் நடுவில் ஆயுள் முழுக்கக் கழிவதை பஹ்மி நினைத்துப் பார்த்தான். கட்டாரில் ஆறு வருஷம் ஒரு கஃபேயில் வேலைக்கு நின்றவன் அவன். மாம்பழமும் பாலும் மட்சாவும் மூன்று அடுக்காக நிற்கும் அந்தக் கிளாஸைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வான். அவனுக்குப் பயமே இல்லை. அந்த நிலைப்படிதான் இடைஞ்சல்.

உள்ளே அவன் மனைவி ஷஹ்மா மாம்பழத்தின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். "உம்மா, இவர் வாசல்ல நிண்டு ஃபுட்போர்டுல தொங்குற கண்டக்டர் மாதிரி கத்துறார். ஒண்டு ஏத்துங்கோ, இல்லாட்டி எறக்குங்கோ."

"ஒனக்கு வாய் கூட" என்ற ரபீகா, பஹ்மி கட்டாரிலிருந்து கொண்டுவந்த மட்சா டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஜப்பான் பச்சைத் தேயிலையை மாவாக அரைத்த தூள். டின்னில் பாதிக்கும் குறைவாகத்தான் மீதி இருந்தது. அவர் ஒரு கோப்பையில் தாராளமாக மூன்று கரண்டி போட்டார்.

"மாமி, கொதிக்கிற தண்ணி வேணாம். கொஞ்சம் ஆறின பிறகு..."

கேத்தல் அதற்குள் சாய்ந்துவிட்டது. தேயிலை மலைகள் சூழ்ந்த ஊரில் பிறந்து, குமுறிக் கொதிக்கும் தண்ணீரைத் தவிர வேறு எதையும் தேயிலைத் தூளில் ஊற்றியறியாத கை அது. "ஆறின தண்ணியில தேத்தண்ணி ஊத்தினா வாரவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க மகன்?" என்றபடியே அவர் கலக்கினார். புல் நிறத்தில் இருந்த தூள் கண் முன்னாலேயே கறுத்து, கட்டி கட்டியாகத் திரண்டது. ஷஹ்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். அவள் முகம் சுருங்கிய சுருக்கத்தில் பஹ்மிக்குச் சிரிப்பு வந்தது.

"உம்மா, காய்ச்சல் வந்தா கொத்தமல்லிக்குப் பதிலா இதக் குடுக்கலாம். காய்ச்சல் பயத்திலயே ஓடிரும்."

பஹ்மி எட்டி டின்னைப் பார்த்தான். தகரத்தின் அடி தெரிந்தது. இனி இரண்டு கிளாஸுக்குத்தான் காணும். மாமியின் கையில் விட்டால் அந்த இரண்டும் கஷாயம்தான். மினாராவிலிருந்து அஸர் பாங்குச் சத்தம் எழுந்து தேய்ந்தது. அவன் சாரத்தை ஒரு மடிப்பு மடித்துக் கட்டினான்.

"மாமி, பிஸ்மி சொல்லி உள்ள வாரேன். கோவிக்கப் படாது."

ரபீகா நேராகக் கொய்யா மரத்து ஜன்னலுக்குப் போய் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினார். அவ்வளவுதான். பஹ்மிக்கு அது போதும்.

அவன் வேலை செய்யத் தொடங்கியதும் குசினியின் சத்தமே மாறிப்போனது. மாம்பழத்தோடு கொஞ்சம் பேஷன் புரூட் சாறும் சீனிப் பாகும் சேர்த்து மசித்து, கிளாஸின் அடியில் விட்டான். அதற்கு மேலே ஐஸ் கட்டிகள், விளிம்பு வரை. ஐஸ் கட்டிகளின் மேல் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் குளிர்ந்த பாலை நூல் மாதிரி இறக்கினான். பால் வழிந்து மஞ்சளைத் தொட்டது, ஆனால் கலக்கவில்லை. மட்சாவை அடிப்பதற்கு மூங்கில் கடைகோல் இல்லையே என்று அவன் சுற்றிப் பார்த்தபோது, ரபீகா அலுமாரியைத் திறந்து, வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்கும் கம்பியை எடுத்து நீட்டினார். அந்தக் கம்பியை அவர் ஷஹ்மாவின் கையில்கூடக் கொடுப்பதில்லை. கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் தூள் நுரைத்து எழும்பியது. அதே கரண்டி முதுகில் அந்தப் பச்சையும் இறங்கி, பாலின் மேல் படுத்துக்கொண்டது. மஞ்சள், வெள்ளை, பச்சை.

"மாஷா அல்லாஹ்" என்றார் ரபீகா மெதுவாக. "பலூடா மாதிரித்தான். ஆனா வெக்கப்பட்டு நிக்கிற பலூடா."

மக்கீன் மாமா வந்து, செருப்பைக் கழற்றி, ஹோலில் இருப்பதிலேயே பெரிய கதிரையில் அமர்ந்தார். கிளாஸை ரபீகாவே தட்டில் வைத்துக் கொண்டுபோனார். பஹ்மி எதிரே அமர்ந்து மாமாவின் கண்களையே பார்த்தான். அந்தக் கண்கள் கிளாஸைக் கண்டதும் ஒரு கணம் விரிந்தன. காரியம் முடிந்தது என்று பஹ்மி நினைத்தான்.

அந்த வீட்டில் வந்தவர் கையில் கலக்காத கிளாஸைக் கொடுக்கும் பழக்கமே கிடையாது. சீனி அடியில் நின்றுவிடும். நீயே கலக்கிக் குடி என்று நீட்டுவது மனமில்லாமல் கொடுக்கிற மாதிரி. எத்தனையோ பெருநாளுக்கு ரபீகா நானாவின் பலூடாவைத் தன் கையால் கலக்கிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார். கை தன் பாட்டில் போனது. தட்டில் இருந்த நீளக் கரண்டியை எடுத்து, அடி வரை விட்டு, சுற்று சுற்றென்று சுற்றினார்.

"உம்மா!" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஷஹ்மா கத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. கிளாஸில் இப்போது பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் இருந்தது.

மாமா குடித்தார். பாதியில் நிறுத்தி, கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். "ருசி பிழையில்ல. ஆனா மருமகன், இதப் பார்த்து எவன் ரோட்டால போறவன் நிப்பான்? நம்மட கடையில டிஸ்டெம்பர் கலக்குற வாளி இதவிட வடிவா ஈக்கும்." கிளாஸைக் கீழே வைத்தார். "காலயில எட்டு மணிக்கு வாங்கோ. காஷியர் கதிரைக்கி புது குஷன் போட்டிருக்கேன்."

"நானா, அது ஏன்ட பிழ" என்றார் ரபீகா. "அவர் வடிவாத்தான் செஞ்சி தந்தார். நான்தான்..."

பஹ்மி எழுந்தான். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. "மாமா, அஞ்சு நிமிஷம் இரிங்கோ. நீங்க குடிச்சது மாமியிட கிளாஸ். ஏன்ட கிளாஸ் இன்னம் வரல்ல."

அவன் குசினிக்குப் போகவில்லை. ஹோலில் கிடந்த சின்ன மேசையை இழுத்து மாமாவின் முழங்காலுக்கு முன்னால் போட்டான். "ஷஹ்மா, எல்லாத்தையும் இஞ்ச கொண்டு வாங்கோ" என்றான். ஐஸ் சட்டியை ரபீகாவே தூக்கிவந்தார். டின்னைக் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டி, ஒட்டியிருந்த தூளையும் பஹ்மி விழுத்தினான். இது தவறினால் இன்னொன்று இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மாமாவுக்கும் தெரிந்தது. அவர் முதுகைக் கதிரையிலிருந்து எடுத்து முன்னால் குனிந்தார்.

மஞ்சள் இறங்கியது. ஐஸ். பிறகு கரண்டி முதுகில் பால்.

"ஒண்டோட ஒண்டு சேராம எப்பிடி நிக்கிது?"

"அடியில சீனி கூட மாமா. அது கனம், எழும்பாது. மேலால வாரத ஐஸ் தாங்கும். அவசரப்பட்டு ஊத்தினாத்தான் சேரும்."

"ஆ... மொதல்ல ப்ரைமர், பிறகு பெயின்ட்." வருஷக்கணக்காக நிறம் கலந்து விற்ற மனிதர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப எப்ப கலக்குற?"

"நாங்க கலக்கிறல்ல. வாங்கினவங்க பார்ப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, கூட்டாளிக்குக் காட்டுவாங்க. ஆச தீர்ந்த பிறகு அவங்களே கலக்கட்டும்."

பச்சை கடைசியாக வந்து நின்றது. பஹ்மி கிளாஸை இரு விரலால் நகர்த்தி மாமாவின் பக்கம் வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டான். ரபீகா நீளக் கரண்டியை முதுகுக்குப் பின்னால் இரு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மாமா அவரைப் பார்க்காமலே கையை நீட்டினார். ரபீகா தயங்கி, கரண்டியை அந்தக் கையில் வைத்தார்.

மாமா அதைக் கிளாஸில் விடவில்லை. மேற்கு ஜன்னல் வெயில் விழும் பக்கமாகக் கிளாஸைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"ரபீகா," என்றார், கண்ணை எடுக்காமல். "அந்த முன் ரூமுல ஒரு தண்ணிப் பைப் இருந்திச்சே... அத நான் அடைச்சிப் போட்டேனா?"

கிளாஸுக்குள், யாருடைய கையும் படாமல், பச்சையிலிருந்து ஒரு மெல்லிய நூல் பிரிந்து, பாலுக்குள் வளைந்து வளைந்து மஞ்சளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.