கத்தினால் கேட்காது

அவள் பேசினால் எறும்புக்குத்தான் கேட்கும் என்பது மாமியாரின் தீர்ப்பு. கட்டிய கணவனோ நேர் எதிர். வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பெயரே 'வெண்கலம்'. வீட்டில் அவன் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள். ஜாடிக்கேற்ற மூடி என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனாலும் குடித்தனம் நன்றாகத்தான் ஓடியது.

இருவருக்கும் வேலை ஒரே ஆலையில். ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் இரண்டு சுரங்கக் கால்வாய்களை, தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கிச் சோதிப்பது அவன் வேலை. இறங்குகிறவர்களின் ஹெல்மெட்டுக்குள் பேசும் கருவியைப் பொருத்துவது அவள் வேலை. அதன் உயிர் நகத்தளவு சிப் ஒன்று. வாயருகே இருக்கும் மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்துடிப்பை அது பெருக்கி, எண்களாக்கி, வயர் வழியே மேலே அனுப்பும். மேலிருந்து வரும் எண்களைத் திரும்பக் குரலாக்கிக் காதருகே கொடுக்கும். மைக்கிலிருந்து சிப்புக்குள் போகும் குரலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை அவள்தான் முன்கூட்டியே பதித்து வைப்பாள். பதித்த பிறகு ஹெல்மெட்டைப் பிரிக்காமல் மாற்ற முடியாது.

அன்று காலை அவன் இடது கால்வாய்க்குள் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் மேல்கோடியில் தண்ணீரைத் தடுத்து நின்ற பெரிய கதவின் ரப்பர் பிய்த்துக்கொண்டது. இரண்டு கால்வாய்களிலும் தண்ணீர் புகுந்தது.

அவள் உட்கார்ந்திருந்த கன்ட்ரோல் அறைக்கு மேஸ்திரி ஓடி வந்து மைக்கைப் பிடித்தார்.

"டேய் வெண்கலம்! எந்தப் பக்கம்டா இருக்க?"

பதிலுக்குக் கருவியில் கர்ர்ர்ரென்று துணி கிழிகிற சத்தம். திரும்பக் கேட்டார். திரும்பவும் கர்ர்ர். அவன் உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

ஒவ்வொரு கால்வாயின் வாயிலும் ஒரு இரும்பு ஷட்டர் உண்டு. மோட்டார் ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் இறக்கலாம். ஒன்றை அடைத்தால் தண்ணீர் முழுவதும் மற்றதில் பாயும். அவன் இருக்கும் பக்கத்தை அடைத்தால் பிழைப்பான். மாற்றி அடைத்தால் அவ்வளவுதான்.

"வயர் இடது பக்கம்தான் போகுது. இடதை அடைச்சுடறேன்" என்று மேஸ்திரி மைக்கைப் போட்டுவிட்டு ஷட்டர் சுவிட்சுக்குப் போனார்.

"அண்ணே, இருங்க. நடுவுல மேடா குறுக்கு வழி ஒண்ணு இருக்கே. அதுல புகுந்து வலது பக்கம் போயிருந்தா? வயர் இடது பக்கம்தானே தெரியும்?" என்றாள் அவள்.

"தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சும்மா. இன்னும் எவ்வளவு நேரம் யோசிக்கச் சொல்ற?"

மறுபடியும் கர்ர்ர் வந்தது. வயர் பழுதென்றால் கண்டபடியல்லவா வரும்? இது அவன் பதில் சொல்லும்போது மட்டும் வருகிறது. அப்போதுதான் உறைத்தது. அட பாவி மனுஷி! அந்த ஹெல்மெட்டை அவள் சோதித்தது கதவடைத்த அறைக்குள், தன் எறும்புக் குரலை வைத்து. தன் குரல் மேலே தெளிவாகக் கேட்கும்வரை பெருக்கிப் பெருக்கி உச்சத்தில் பதித்துவிட்டாள். அவன் கத்தினால் சிப் தாங்குமா? அளவுக்கு மேல் போன குரலின் தலையையும் காலையும் சீவிவிட்டு வெறும் இரைச்சலைத்தான் அனுப்பும். எவ்வளவுக்குக் கத்துகிறானோ அவ்வளவுக்குக் கேட்காது. தன் கையாலேயே தன் புருஷன் வாயைக் கட்டிவிட்டாளே!

மைக்கை எடுத்தாள். "மெதுவா பேசுங்க."

கர்ர்ர்.

மேலே இருக்கும் இந்தக் கருவியை அவள் சரிபார்த்தது மேஸ்திரியைப் பேசவைத்து. அது அவருடைய முரட்டுத் தொண்டைக்குத்தான் பழக்கம். அவளுடைய முணுமுணுப்பு கீழே தண்ணீர் இரைச்சலைத் தாண்டி எங்கே போய்ச் சேரும்?

"நேரமில்ல. இறக்கறேன்மா" என்றார் மேஸ்திரி. விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த சத்தம் அத்தனையும் அப்போது வெளியே வந்தது.

"யோவ்! கத்தாத! கத்தினா கேக்காது! காதுல ரகசியம் சொல்ற மாதிரி சொல்லு! எந்தப் பக்கம்?"

கன்ட்ரோல் அறையே விறைத்து நின்றது. கட்டிய நாளிலிருந்து வாங்க, போங்க என்று சொன்னவள்! மேஸ்திரி விரலை எடுத்துவிட்டார். கருவியில் கர்ர்ர் நின்றது. தண்ணீர் சலசலப்பும் மூச்சிரைப்பும் மட்டும் கேட்டன. அந்த மனிதன் வாழ்நாளில் மெதுவாகப் பேசியதே கிடையாது. மூச்சு முட்டும் நேரத்தில் அதை எப்படிச் செய்வான்? கடவுளே, செய்துவிட வேண்டும் என்று அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, பக்கத்தில் படுத்துப் பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது.

"வலது பக்கம்மா. குறுக்கு வழியா வந்துட்டேன். இடுப்பு வரைக்கும் தண்ணி."

"வலது!" என்று அவள் அலறுவதற்குள் மேஸ்திரி வலது சுவிட்சை அழுத்திவிட்டார். ஷட்டர் தடதடவென்று இறங்கியது. தண்ணீர் இடது பக்கம் சீறிப் பாய, அந்த வயரும் அறுந்தது. கருவி அடங்கிப்போனது.

அதன்பின் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் வலது பக்க ஏணிக்கு ஓடினார்கள். வெகுநேரம் கழித்துச் சேறு பூசிய கை ஒன்று ஏணிக்கம்பியைப் பிடித்தது. நாலு பேர் சேர்ந்து அவனை மேலே இழுத்துப் போட்டார்கள்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "என் தப்புதான். என் தொண்டைய வெச்சு அளந்துட்டேன். உங்கள நினைக்கவே இல்ல" என்று சொல்ல வாயெடுத்தாள். கத்திய கத்தலில் குரல் போய் வெறும் காற்றுதான் வந்தது. அழுகை மட்டும் சத்தமாக வந்தது.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அவள் காதருகே குனிந்து, இன்னும் அதே ரகசியக் குரலில் கேட்டான்:

"இங்க கத்தலாமா?"