சான் மார்த்தீன் செய்ய வந்தவர்கள்

“எங்களுக்கு ஒரு அவசரமும் கெடையாது. சும்மா நிதானமா சுத்திப் பாக்கணும், அவ்வளவுதான்” என்று அறை கேட்ட ஒருவர் தொலைபேசியில் சொன்னபோதே எனக்கு உறுத்தியது. வடக்கே எங்கள் வால்தோபியாதெனே மலைகளுக்கு வார இறுதியில் வருகிறவர்களை நான் நன்றாக அறிவேன். சனிக்கிழமை காலையில் வந்து இறங்குவார்கள். மதியத்துக்குள் மூன்று வைன் நிலவறைகளில் நுரைக்கும் புரோசெக்கோ வைனைக் குடித்துவிடுவார்கள். மாலையில், எதை எங்கே குடித்தோம் என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். நிதானம் என்ற சொல்லை அவர்கள் வாயில் நான் கேட்டதில்லை.

அந்த அக்டோபரில் சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. நானும் என் கணவர் எர்மெஸும் விருந்தினருக்கு வாடகைக்கு விடும் அறைகள் எங்களுடையவை. வீட்டுக்குக் கீழே இறங்கும் சரிவில் நிற்கும் திராட்சைக் கொடிகளை நட்டவர் என் மாமனார். அவை நிற்கும் மண் மட்டும் வேறொருவருடையது. கைகுலுக்கலை மட்டும் நம்பி எங்களுக்குக் குத்தகை விட்டிருந்த நிலத்துக்காரி வசந்தத்தில் இறந்துபோனார். திரேவிசோ நகரில் நோட்டரியாக இருக்கும் அவருடைய மகன், அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “சான் மார்த்தீனுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடறேன்” என்றார். அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

சான் மார்த்தீன் நவம்பரில் வரும் புனிதர் திருநாள். எங்கள் பக்கத்தில் நிலக்குத்தகைகள் முடிவதும் அன்றுதான். குத்தகை போனவர்கள் அந்தக் காலத்தில் கட்டிலையும் செப்புக் கொப்பரையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிடுவார்கள். ஆகவே அந்தப் புனிதரைக் கும்பிடலாம், கொண்டாடலாம். ‘செய்’ என்னும் வினையைச் சேர்த்தால் மட்டும் பொருள் மாறிவிடும். ஒருவன் சான் மார்த்தீன் செய்தான் என்றால், இருந்த இடத்தை விட்டு வேறிடத்துக்குக் குடிபோனான் என்று பொருள். அதற்கு வேறு பொருள் இருக்கக்கூடும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஒலிந்தோ வந்தார். அவர் பக்கத்துத் தோட்டக்காரர். என் மகளுக்கு ஞானத்தகப்பன். கோயிலில் தவிர வேறெங்கும் தம் பச்சைத் தொப்பியைக் கழற்றாதவர். ஒரு சிறு கோப்பை வைனை எங்கள் ஊரில் ‘நிழல்’ என்போம். ஒலிந்தோ வெயிலில்லாத நாளிலும் நிழல் தேடுகிறவர்.

“நாளைக்கு யாரோ வர்றாங்களாமே?” என்றார்.

“ரூம் வெச்சிருந்தா யாராவது வரத்தானே செய்வாங்க, ஒலிந்தோ.”

“எந்த ஊரு?”

“லெச்சே.”

“தெக்கே அவ்வளவு தூரத்துல இருந்தா? ஏன், அங்க குடிக்க ஒண்ணும் கெடைக்கலையாமா?” கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “பாத்து நடந்துக்கம்மா. இப்பல்லாம் நிலம் வாங்க வர்றவன் கோட்டு மாட்டிக்கிட்டு வர்றதில்ல. சக்கரம் வெச்ச பெட்டியை உருட்டிக்கிட்டுப் பொண்டாட்டியோட வர்றான். மண்ணைத் தொடறானான்னு மட்டும் கவனி. குடிக்க வந்தவன் மண்ணைத் தொட மாட்டான்.”

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். அவர் பெயர் கோசிமோ, மனைவி தொனாத்தா. இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள், தெற்கத்திப் பேச்சு. பெட்டிகளுக்குச் சக்கரம் இருந்தது. அறைக்குக்கூடப் போகாமல் கோசிமோ நேரே சரிவின் விளிம்புக்குப் போனார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, விரல்களுக்கிடையே நொறுக்கி, மூக்கருகே கொண்டுபோனார்.

“வெயிலு இங்க எது வரைக்கும் நிக்கும்?” என்று கேட்டார்.

“சூரியன் மறையிற வரைக்கும்” என்றேன்.

என் வெடுக்கென்ற பதிலை அவர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். “இவ்வளவு செங்குத்தா இருக்கே, புல்லை எப்படி வெட்டுதீக? மிசினு இறங்காதுல்லா?”

“கையாலதான்.”

“கொடியெல்லாம் உங்களுதா?”

கொடி எங்களுடையது என்றேன். மண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. தொனாத்தா இதற்குள் சரிவை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றுலா வருகிறவர்கள் கொடிகளுக்கு முன்னால் தங்களை நிறுத்திப் படமெடுப்பார்கள். அவள் எடுத்த ஒரு படத்திலும் மனிதர் இல்லை.

சமையலறையில் எர்மெஸ் மக்காச்சோளக் களியான பொலெந்தாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். பார்த்ததைச் சொன்னேன்.

“மண்ணை மோந்து பாத்தவன் எல்லாம் நிலம் வாங்க வந்தவனா?” என்றார். “அப்படின்னா நம்ம நாய் எப்பவோ பத்திரம் முடிச்சிருக்கும்.”

“நாய் வெயில் எது வரைக்கும் நிக்கும்னு கேக்கல.”

“கேட்டிருந்தா உன்னவிட மரியாதையா நான் பதில் சொல்லியிருப்பேன். ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? பணம் குடுத்துத் தங்க வந்தவங்க.”

மதிய உணவுக்குப் பின் முற்றத்து மேசையில் எங்கள் வைனை வைத்தேன். புட்டியிலேயே நுரைத்து, வண்டல் அடியில் தங்கும் பழைய வகை அது. கோசிமோ கோப்பையைக் கண்ணருகே பிடித்தார்.

“கலங்கலா இருக்கே.”

“அடியில வண்டல் இருக்கும். புட்டியைக் கவுத்துக் கலக்கியும் ஊத்தலாம். ஆட்டாம தெளிஞ்சதை மட்டும் ஊத்தலாம்.”

“நீங்க எப்படி ஊத்துவீக?”

“ஆளைப் பொறுத்து” என்றேன்.

தொனாத்தா தன் கோப்பையைப் பார்த்தாள். அது மிகவும் கலங்கியிருந்தது.

மற்றவர்களானால் இந்நேரம் அடுத்த நிலவறைக்குக் காரை எடுத்திருப்பார்கள். இவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். உப்பிட்டு உலர்த்திய சோப்ரெஸ்ஸா இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தின்றார்கள், எதிர்மலையைப் பார்த்தார்கள், மீண்டும் சரிவைப் பார்த்தார்கள். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சமையலறைச் சன்னல் முற்றத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. தண்ணீர்க் குழாயை மூடினேன்.

“சான் மார்த்தினோவ இங்கயே செஞ்சிருவமா?” என்று புனிதரின் பெயரைத் தன் ஊர் வழக்கில் சொல்லிக் கேட்டாள் தொனாத்தா.

“நானும் அதத்தான் நெனச்சேன். அண்ணன் குடும்பத்தையும் கூட்டிட்டு வந்திருவோம். எல்லாருக்கும் எடம் தாராளமா இருக்கு.”

“அந்தம்மாட்ட எப்ப சொல்ல?”

“நாளைக்குக் கெளம்புதப்ப சொல்லிக்கிடலாம். இப்ப அவுக மொகத்தப் பாத்தா பயமா இருக்கு.”

குழாயைத் திறந்தேன். கழுவிய தட்டை மறுபடி கழுவினேன். அண்ணன் குடும்பம், எல்லாருக்கும் இடம், கிளம்பும்போது சொல்வது. ஐயத்துக்கு இடமில்லாத வாக்கியங்கள். எர்மெஸிடம் சொன்னபோது அவரும் கரண்டியைக் கீழே வைத்தார்.

“‘செய்யறது’ன்னா சொன்னாங்க?”

“அந்தச் சொல்லேதான்.”

அவர் அடுப்பை அணைத்தார். “அப்ப நோட்டரி வித்துட்டான்” என்றார்.

வெயில் சாயும் முன் நான் மீண்டும் முற்றத்துக்குப் போனேன். சரிவின் நடுவே கற்களை அடுக்கிக் கட்டிய ஒரு தாங்குசுவர் இருக்கிறது. அதன் வயிறு தள்ளியிருக்கும். என் மாமனார் கட்டியபோதே அப்படித்தான் கட்டினார். கோணல் அவருடைய கையில் இருந்தது, மலையில் இல்லை. இது எனக்கும் எர்மெஸுக்கும் மட்டுமே தெரியும்.

“அந்தச் சுவரு தெரியுதா?” என்று கோசிமோவிடம் கேட்டேன்.

“தெரியுது. வீங்குன மாதிரி இருக்கு.”

“சரிவு நகருது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா. சுவருக்குப் பின்னாடி வெடிப்பு விட்டிருக்கு. அதுக்குக் கீழ இருக்கற வரிசைங்க எத்தனை நாளைக்கு நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“அடப் பாவமே” என்றார் கோசிமோ. அவர் முகம் உண்மையாகவே வாடியது. வாங்க வந்த ஆளுக்கு வாடத்தான் செய்யும் என்று எண்ணிக்கொண்டேன். “யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொல்லி என்ன ஆகப்போகுது.”

ஞாயிறு காலை இருவரும் மலைச்சாலையில் காரை ஊரவிட்டுச் சுற்றினார்கள். மதியம் கீழே உள்ள சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இறைச்சியைக் கம்பியில் கோத்து விறகுத்தீயில் மெதுவாகச் சுழற்றி வாட்டுவார்கள். அதற்காகக் காத்திருக்கும்போது எல்லாரும் எல்லாரோடும் பேசுவார்கள். மாலையில் பெட்டி எடுக்க வந்தவர்கள் சமையலறை வாசலில் நின்றார்கள். தொனாத்தா கணவரின் முழங்கையை இடித்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றார் கோசிமோ. “சான் மார்த்தினோவ இங்கயே செய்யலாம்னு ஆசை.”

“தெரியும்” என்றேன். “எப்ப பத்திரம்?”

“என்ன பத்திரம்?”

“நிலத்துக்கு.”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி எர்மெஸைப் பார்த்தாள். எர்மெஸ்தான் முதலில் பேசினார். “உங்க ஊர்ல சான் மார்த்தீனுக்கு என்ன செய்வீங்க?”

“என்ன செய்வோம்? புது வைனைத் தொறப்போம். கறி சுடுவோம், கஷ்கொட்டைய வறுப்போம். சொந்தக்காரங்க எல்லாரும் கூடுவோம். இந்தத் தடவ அண்ணன் குடும்பத்தோட உங்க ரூமுலயே வந்து தங்கலாம்னு பாத்தோம். ஏன், நீங்க என்ன செய்வீக?”

“நாங்க கட்டிலைத் தூக்கிக்கிட்டு வெளிய போவோம்” என்றார் எர்மெஸ். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“அப்ப மண்ணை ஏன் எடுத்துப் பாத்தீங்க?” என்று கேட்டேன்.

கோசிமோ தம் உள்ளங்கையைப் பார்த்தார். “எங்களுக்கு ஆலிவ் தோப்பு இருந்துது. நோய் வந்து அம்புட்டு மரமும் பட்டுப் போச்சு. மரம் உசுரோட நிக்கற மண்ணு எப்படி இருக்கும்னு... கை தானா போயிருச்சு, பாத்துக்கிடுங்க.”

தொனாத்தா பேச்சை மாற்றினாள். “பிள்ளையளக் கூட்டிட்டு வாரதுதான் ரோசனையா இருக்கு. மல நகருதுன்னு சொன்னீகளே.”

“வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது” என்று அவசரமாகச் சொன்னேன்.

“கீழ கடையிலயும் ஒருத்தர்ட்ட சொல்லி வருத்தப்பட்டேன்” என்றார் கோசிமோ. “பச்சத் தொப்பி போட்டவரு. அவருக்கு எங்கள விட வருத்தம். எந்தச் செவரு, எத்தன வரிசைன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. தட்டுல இருந்த கறியக்கூட முடிக்கல.”

நான் பொய்யைத் திருத்த வாயெடுத்தேன். அந்தக் கடைசி வாக்கியம் என்னை நிறுத்தியது. ஒலிந்தோ தட்டில் கறியை மிச்சம் வைத்ததை அந்தக் கடையில் ஒருவரும் பார்த்ததில்லை.

அவர்களுடைய கார் திருப்பத்தில் மறைவதற்குள் ஒலிந்தோ மேலேறி வந்தார். நான் புட்டியைக் கவிழ்த்து ஒருமுறை சுழற்றி, அவருக்கு ஒரு நிழல் ஊற்றினேன். அவர் அதைத் தொடவில்லை.

“சரிவு நகருதாமே?”

“யாரு சொன்னாங்க?”

“உன் வீட்டு விருந்தாளிதான் சொன்னான். ஊரெல்லாம் கேக்கற மாதிரி. உண்மையா, இல்லையா?”

“உங்களுக்கு எதுக்கு ஒலிந்தோ அந்தக் கவலை? உங்க தோட்டம் அந்தப் பக்கம்தானே.”

“கவலையெல்லாம் இல்லம்மா. ஒரு நியாயம் வேணாமா? இவ்வளவு பேச்சு பேசியிருக்கான், அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“யாரு?”

ஒலிந்தோ கோப்பையை எடுத்தார். எர்மெஸ் கதவருகே நின்றிருந்தார்.

“யாரு சொல்லல?” என்று மறுபடி கேட்டேன். “கோசிமோதான் சொல்லிட்டாரே.”

“அதான்... பொதுவாச் சொன்னேன்” என்றார். குடித்தார். வண்டல் அவர் மீசையில் நின்றது. “கீழ் வரிசைங்க மட்டுமா, இல்ல மேலயுமா?”

“மேலயும் பாக்கணும். இன்னும் முழுசாப் பாக்கல.”

“மேலயுமா.” அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். விளிம்பு வரை போய், குதிகாலால் மண்ணை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு பிடி எடுத்தார்.

“குடிக்க வந்தவன் மண்ணைத் தொட மாட்டான்னு யாரோ சொன்னாங்க” என்றார் எர்மெஸ்.

ஒலிந்தோ கையைத் தட்டிக்கொண்டு, இருட்டப்போகிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வெயில் அப்போதும் சுவரின் மேல் இருந்தது.

அந்த வாரமே நோட்டரி தொலைபேசியில் அழைத்தார். “எடுக்கறேன்னு சொன்னவர் வேண்டாம்னுட்டார். சரிவு நகருதாம். எனக்கு யாரும் சொல்லவே இல்ல” என்றார். குரலில் மனக்குறை இருந்தது. யார் அவர் என்று நான் கேட்கவில்லை; ஒலிந்தோ மண்ணை எடுத்தது நினைவில் இருந்தது. “இந்த நிலைமையில வேற யாரும் வரமாட்டாங்க. நீங்களே தொடர்ந்து வெச்சுக்கறீங்களா? இந்தத் தடவை வேணும்னா எழுதியே குடுத்துடறேன்.”

“வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்” என்றேன். எர்மெஸ் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டதாக எண்ணுவதற்குப் போதுமான நேரம் விட்டு, சரி என்றேன்.

சான் மார்த்தினோவுக்கு அவர்கள் சொன்னபடியே வந்தார்கள். கோசிமோவின் அண்ணன் குடும்பமும் பிள்ளைகளும் முற்றத்தை நிறைத்தார்கள். தணலில் கஷ்கொட்டைகள் வெடித்தன. ஒலிந்தோவையும் அழைத்திருந்தோம். மகளின் ஞானத்தகப்பனைத் திருநாளன்று விட்டுவிட முடியாது. விட்டால் ஊர் காரணம் கேட்கும். அவர் தொப்பியோடு மேசையின் கோடியில் உட்கார்ந்து, பிறர் பேசுவதைவிட அதிகமாகச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்மையில் பெய்த மழைக்குச் சுவர் அசையவில்லை. அதை அவரும் கவனித்திருப்பார்.

கோசிமோ உட்காரவே இல்லை. விளிம்பில் காவல் நின்று, கொடிகளுக்குள் ஓடப் பார்த்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தடுத்துக்கொண்டிருந்தார். “அங்கிட்டு எறங்காதீக. மல நகருது. பாவம், அவுகளுக்கே போக்கிடம் இல்ல.”

எர்மெஸ் என்னைப் பார்த்தார். மேசைக் கோடியிலிருந்து ஒலிந்தோவும் என்னைப் பார்த்தார்.

நான் புட்டியை ஆட்டாமல் எடுத்துக்கொண்டு கோசிமோ நின்ற இடத்துக்குப் போனேன். அவர் கோப்பையில் தெளிந்ததை மட்டும் ஊற்றினேன்.