சீமாட்டியின் இரண்டாவது பிரேக்

பல் டாக்டர் குடும்பம் மகள் வீட்டுக்குப் போகிற அழகு, மலைப்பாதை பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் காரில் போவார், அவர் மனைவி பஸ்ஸில் போவாள். ஒரே வாசலில் கிளம்பி, ஒரே வாசலில் போய் இறங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போதும் அவரவர் வண்டியில்தான். கண்டக்டர் ஜன்னலோர சீட்டை அந்த அம்மாளுக்கென்றே வைத்திருப்பார். "பின்னாடி வர்றது உங்க வீட்டுக்காரர் கார்தானே?" என்று யாராவது கேட்டால், "ஆமா, பஸ்ஸுக்குத் துணைக்கு வருது" என்பாள்.

அதை வெறுமனே கார் என்று சொன்னால் டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் காலத்துச் சொகுசு வண்டி. டாஷ்போர்டு முழுக்க மெருகேறிய மரம், பின் சீட்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், தெருமுனையில் மூக்கு திரும்பிய பிறகு வால் திரும்ப நேரமாகும். சீமாட்டி என்று பெயர் வைத்தவன் மச்சினன். டாக்டர் மனைவியின் தம்பி, சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

வெகு காலம் முன்பு, மலை இறக்கத்தில் ஒருமுறை சீமாட்டி நிற்க மறுத்தாள். பழைய டிரம் பிரேக், நீண்ட இறக்கம். மிதித்து மிதித்து டிரம் சூடேறி, பிடிப்பு சுத்தமாக விட்டுப்போனது. டாக்டர் கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். ஒரு கீறல்கூட இல்லை. இறங்கிச் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அதான் ஒண்ணும் ஆகலயே, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார். கூட வந்த மனைவி அடுத்த முறை பஸ் ஏறினாள்.

அடுத்த நாளே பிரேக் லைனிங்கை மாற்றியாயிற்று, அந்தக் கதை முடிந்தது என்றே டாக்டர் நினைத்தார். பின்னே ஏன் வர மாட்டேன் என்கிறாள்? எப்போதோ ஏற்றத்தில் சீமாட்டி மூச்சு வாங்கியபோது, "லாரிகூட நம்மள முந்துது பாருங்க" என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அவமானம், அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். மனுஷனுக்குத் தனக்குப் பிடித்த காரணம்தான் உண்மையான காரணமாகப் படும். பல் டாக்டர் மட்டும் என்ன விதிவிலக்கா?

இப்போது கிளினிக்கை மூடியாகிவிட்டது. இனி இருக்கிற காலத்தில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த மலையைத் தாண்ட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்காகவே வண்டியை மச்சினனிடம் கொண்டுபோய் விட்டார்.

"மாப்ளே, இவ ஏத்தத்துல பறக்கணும். இஞ்சின்ல என்ன வேணா பண்ணிக்கோ."

"பண்ணலாம் அத்தான். கார்புரேட்டரத் தூக்கிட்டு ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் போடலாம், பெரிய ரேடியேட்டர் வெக்கலாம். ஆனா மொதல்ல பிரேக்கு. முன்னாடி டிஸ்க் பிரேக்கு, லேசா மிதிச்சாலே பிடிக்க அதுக்கு ஒரு பூஸ்டர். நிக்கத் தெரியாதவளுக்கு நான் ஓடக் கத்துத்தர மாட்டேன்."

"வாய்ல அக்காவும் தம்பியும் ஒரே அச்சு" என்று டாக்டர் முணுமுணுத்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் காலையில் காபியைக் குடித்ததும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுவார். சீமாட்டி லிஃப்டின் மேல் நின்றாள். நாலு சக்கரமும் கழற்றியிருந்தது. கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, வண்டியின் அடிவயிற்றைச் சுற்றித் தூசி மெல்ல மெல்லச் சுழன்றது. டாக்டர் கீழே நாற்காலி போட்டு அண்ணாந்து பார்ப்பார். பார்க்கப் பார்க்கக் கண் சொக்கும். கனவில் சாலையே இருக்காது. சீமாட்டி சக்கரமில்லாமல் மலைக்கு மேலே மிதந்து போவாள். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருப்பாள், ஆனால் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் அந்த முகம் தெரியாது. ஸ்பானர் கீழே விழுகிற சத்தத்தில் விழித்துக்கொள்வார்.

டிஸ்க் வந்தது, பூஸ்டர் ஏறியது. இஞ்சினும் புது மூச்சு விடத் தொடங்கியது. தரைத்தகட்டில் துரு இருக்கிறதா என்று பார்க்க மச்சினன் முன்பக்கக் கம்பளத்தை உரித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஓட்டுகிறவர் பக்கமல்ல, பக்கத்து சீட்டின் பக்கம். கம்பளம் ஓரிடத்தில் நூல் நூலாகத் தேய்ந்து, அடியில் தகடுகூட லேசாக உள்வாங்கியிருந்தது.

"எலி கடிச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

"எலி செருப்பு போட்டுக்கிட்டா கடிக்கும் அத்தான்? இங்க பாருங்க, குதிகால் ஊனின எடம். இது முன்கால் அழுத்தின எடம்." மச்சினன் வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் இன்னும் நாலு வார்த்தை சேர்ப்பான். அன்று சேர்க்கவில்லை.

டாக்டர் குனிந்து அந்தக் குழியில் விரலை வைத்தார். ஒரு நாள் பயத்தில் கம்பளம் தேயாது. அந்த இறக்கத்துக்கு முன்னால், சிரித்துப் பேசிக்கொண்டு போன அத்தனை பயணங்களிலும், ஒவ்வொரு வளைவிலும் அவள் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நோயாளி வாயைத் திறக்கும்போது டாக்டர் பல்லைப் பார்க்கும் முன் காலைத்தான் பார்ப்பார். கட்டைவிரல் மடங்கியிருந்தால் பயப்படுகிறார் என்று அர்த்தம், உடனே கையை எடுத்துவிடுவார். ஊரார் கால்களையெல்லாம் படித்தவர், ஒரு முழ தூரத்தில் இருந்த இந்தக் காலைப் பார்க்கவில்லை.

"மாப்ளே, இந்த எடத்துல ஒரு பிரேக் பெடல் வெக்க முடியுமா?"

"டிரைவிங் ஸ்கூல் வண்டி மாதிரியா? சீமாட்டிக்கா? பாத்தா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

மச்சினன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு பண்ணலாம். சும்மா ஒரு டம்மி பெடல், அடியில ஒரு ஸ்பிரிங். கம்பி எதுவும் இணைக்க வேணாம். அக்கா மிதிச்சாலும் வண்டி உங்க கையிலதான் இருக்கும். அவளுக்குத் தெரியவா போவுது?"

ஒரு கணம் டாக்டருக்கும் சபலம் தட்டியது. பொய் சொல்லும் ஆசையால் அல்ல, இறக்கத்தில் பயந்துபோய் எங்கே ஓங்கி மிதித்துவிடுவாளோ என்ற கவலை. பிறகு தலையை ஆட்டினார். "வேணாம்டா. ஊசிய முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு 'வலிக்காது, வலிக்காது'ன்னு வாழ்நாள் பூரா சொல்லியாச்சு. இவகிட்டயாவது நெஜத்த வெப்போம்."

வண்டி தயாரான அன்று அவளை ஒர்க்‌ஷாப்புக்கு வரச் சொன்னார்கள். டாக்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி நின்றார். புது இஞ்சினைப் பற்றிப் பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. அவள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"இது என்ன?"

"உன் பிரேக்கு."

"நெஜமாவே பிடிக்குமா? இல்ல, அழுவுற குழந்தைக்கு வெளையாட்டு ஸ்டியரிங் வாங்கித்தர்ற மாதிரியா?"

"நெஜம். நான் மிதிச்சாலும் நிக்கும், நீ மிதிச்சாலும் நிக்கும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்றான். அவள் கம்பளத்தைப் பார்த்தாள், புதுசு. பழையது உரிக்கப்பட்டு மூலையில் சுருண்டு கிடந்தது. அதையும் பார்த்தாள். என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தாள்.

மகள் வீட்டுக்குப் போகும் மலை ஏற்றத்தில் சீமாட்டி பூப்போல ஏறினாள். லாரிகளைத் தாண்டியபோது டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் முகத்தில் பெருமையும் இல்லை, அவமானமும் இல்லை. உச்சியைத் தாண்டியதும் பனி வந்தது. மரங்கள் பாதி உருவமாக நின்றன, பள்ளத்தாக்கு இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளைதான் இருந்தது. இறக்கம் ஆரம்பமாயிற்று. அவள் கால் பெடலின் மேல் இருந்தது. செருப்புக்குள் கட்டைவிரல் மடங்கியிருந்தது.

பழைய மண்மேடு வந்தது. அவள் சொல்லாமல் கொள்ளாமல் மிதித்தாள்.

சீமாட்டி ஒரு பக்கமும் இழுக்காமல், அலறாமல், நேராக நின்றாள். டாக்டர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தார். இஞ்சின் மெல்ல முனகியது. பனி கண்ணாடியை உரசிக்கொண்டு போயிற்று.

"நிக்குது" என்றாள்.

"நிக்குது."

"அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க."

"தப்புதான்மா. நான் சிரிச்சிருக்கக் கூடாது."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, போங்க. நடு ரோட்டுல நிக்காதீங்க."

இரண்டு வளைவு தாண்டியிருக்கும். அவள் செருப்பைக் கழற்றினாள். காலை மடக்கி சீட்டின் மேல் வைத்து, தலையைக் கதவுப் பக்கம் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிப்போனாள். டாக்டர் ஒவ்வொரு முறை பிரேக்கை அழுத்தும்போதும், அந்தப் பக்கத்துப் பெடலும் ஆளில்லாமல் தானே இறங்கித் தானே எழுந்தது.

பின்னாலிருந்து மலைப்பாதை பஸ் வந்தது. ஆக்ஸிலரேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதித்தால் அது புள்ளியாகிவிடும், அவ்வளவு சக்தி இப்போது சீமாட்டிக்கு இருந்தது. டாக்டர் ஓரம் ஒதுங்கி வழி விட்டார். பஸ் பக்கத்தில் வந்தபோது கண்டக்டர் படியில் நின்று குனிந்து பார்த்து, ஆச்சரியத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். டாக்டர் அவசரமாக உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

கண்டக்டர் விசிலை இறக்கிவிட்டார்.