நடந்தே போன படம்

போனுக்குப் புதிய மென்பொருள் வந்த ஒன்பதாம் நாள், காலை பத்தே முக்காலுக்கு, லிஃப்ட் மெக்கானிக் எடுத்த புகைப்படம் ஒன்று அவளுடைய போனிலிருந்து இறங்கி, மெஷின் அறைச் சுவர் வழியாக வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியது. உள்ளங்கை அகலம் இருக்கும். முழங்கால் உயரத்தில், அவசரமில்லாமல் போனது. அவள் கையெல்லாம் கிரீஸ், பிரேக்கைப் பாதி கழற்றியிருந்தாள். நடுவில் விட்டுவிட்டு ஓடுவது அவள் வழக்கத்தில் இல்லை. வேலையை முடித்து, கையைத் துடைத்து, லிஃப்டை இரண்டு முறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது, படம் ஆறு மாடிப் படிக்கட்டையும் கடந்து தெருமுனை மருந்துக்கடைச் சுவரில் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர் அதற்கு வழிவிட்டுச் சற்று ஒதுங்கி நின்றார்.

அது எங்கே போகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் எடுக்கும் படங்களுக்குப் போக்கிடம் ஒன்றுதான். அறுபது கிலோமீட்டர் தள்ளி, தம்பியோடு இருக்கும் அப்பா. அவர் கொத்தனார். ஒன்பது வருடத்துக்கு முன், இதே ஆறு மாடிக் கட்டடத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒன்றாக வேலை வாய்த்தது. லிஃப்ட் ஓடும் குழியின் சுவரை அவர் எழுப்பி முடித்திருந்தார். லிஃப்டை மாட்ட அவள் வந்தாள். மாட்டுவதற்கு முன் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பது அவள் தொழில் ஒழுங்கு. பார்த்தாள். பார்த்ததை இன்ஜினியர் முன்னால், ஆட்கள் அத்தனை பேர் முன்னால், அப்படியே சொன்னாள்: "சுவர் ஒரு விரக்கடை சாஞ்சிருக்கு." "குண்டுல கோளாறு" என்றார் அப்பா. பூச்சுக் கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான். அன்றோடு பேச்சு நின்றது. ஒரு விரற்கடைக்கு ஒன்பது வருடம் என்று உறவினர்கள் சிரித்தார்கள், பிறகு சிரித்து அலுத்துப்போனார்கள்.

இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தது தம்பி. அவன்தான் நாலு வருடத்துக்கு முன் அக்காவின் போனில் அந்த வசதியைக் கண்டுபிடித்தான். ஒருமுறை இணைத்துவிட்டால் போதும். இங்கே எடுக்கும் படம் அங்கே அப்பாவின் போன் திரையில் தானாகத் தெரியும். அனுப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம், ஏற்றுக்கொள்கிறேன் என்று யாரும் அழுத்த வேண்டாம். இந்தக் குடும்பத்துக்கென்றே யாரோ உட்கார்ந்து செய்தது மாதிரி இருந்தது. அவள் கப்பிகளை எடுத்தாள், கம்பிக்கயிறுகளை எடுத்தாள், மொட்டைமாடியில் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். தன் முகத்தை மட்டும் எடுக்கவில்லை. முழங்கால் தேய்ந்து வேலையை விட்டிருந்த அப்பா, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்தார். பார்க்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டார். இருவருக்கும் இது வெகு சௌகரியமாக இருந்தது.

புதிய மென்பொருளை அவள் ஆறு வாரம் தள்ளிப்போட்டாள். ஏழாவது வாரம், சார்ஜில் கிடந்தபோது, போன் அவளைக் கேட்காமலே தன்னை மாற்றிக்கொண்டது. பட்டன்களின் ஓரங்கள் வளைந்து பார்க்க அழகாக இருந்தது. அந்த வசதியைக் காணோம். இனி படம் போக வேண்டுமென்றால் இவள் 'அனுப்பு' என்பதை அழுத்த வேண்டும், அவர் 'ஏற்றுக்கொள்' என்பதை அழுத்த வேண்டும். தம்பி போனில் கெஞ்சினான்.

"அக்கா, ஒரே ஒரு தடவ அமுக்கிடேன்."

"அமுக்கினா நான் அனுப்பினதா ஆயிடும்டா."

"அதானே உண்மை?"

"உண்மைதான். அதுக்காக ஒத்துக்கணுமா?"

அப்பாவிடம் கேட்டதற்கு, "அமுக்கினா நான் கேட்டதா ஆயிடும்" என்று அவரும் சொல்லிவிட்டார். ஆனால் மூன்றாம் நாளே சாப்பாட்டைப் பாதியில் தள்ளினார். ஐந்தாம் நாள் சவரம் செய்வதை நிறுத்தினார். கறுத்துக் கிடக்கும் திரையைத் துண்டால் துடைத்துத் துடைத்து வைத்தார். தம்பி இதைச் சொன்ன பிறகு அவள் அந்த 'அனுப்பு' பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஆனாலும் விரல் நகரவில்லை. நின்றுபோன லிஃப்டை ஓட வைக்காமல் இடத்தை விட்டு நகராதவள் அவள். கம்பெனியோடு மோதத் தீர்மானித்தாள். தினமும் காலையில் ஒரு புகார் எழுதினாள், மதியம் சாப்பாட்டு வேளையில் ஒரு போன் பேசினாள். எதிர்முனையில் ஒரு பெண், தேன் ஒழுகும் குரலில், "மேடம், அந்த வசதிய எடுத்தது உங்க வசதிக்காகத்தான்" என்றாள். "என்கிட்ட இருந்து புடுங்கினது எனக்காகவா? நல்லா இருக்கு உங்க நியாயம். நாளைக்கும் கூப்பிடுவேன்" என்றாள் இவள். கூப்பிடவும் செய்தாள்.

ஒன்பதாம் நாள் அதே ஆறு மாடிக் கட்டடத்தில் பழுது என்று அழைப்பு வந்தது. குழியின் உச்சியில், டார்ச் வெளிச்சத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை தெரிந்தது. கடைசிப் பூச்சின் ஈரத்தில் விரலைப் பதித்துவிட்டு இறங்குவது அப்பாவின் வழக்கம். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, அந்த ஒன்பது நாளில் முதல்முறையாக, படம் எடுத்தாள். எடுத்த படத்துக்குப் போக வழியில்லை. அது இறங்கி நடந்தது.

நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர். மழை வந்தால் ஏதாவது கூரையடியில் ஒதுங்கியது, வாகனங்கள் நிற்கும்போது மட்டும் சாலையைக் கடந்தது. அவள் தினமும் வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் போய், அது எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். "இப்பத்தான் தாண்டிப் போச்சு" என்று வழியில் இருப்பவர்கள் கைகாட்டினார்கள். அது நடக்கத் தொடங்கிய பதினோராம் நாள் மாலை, ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அது நின்றிருந்தது. பாலத்துக்குச் சுவர் இல்லை, வெறும் கம்பித் தடுப்பு; தரையிலோ ஓயாத வாகனங்கள். ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் ஓரத்தில் முன்னும் பின்னுமாக அல்லாடியது. அவள் பக்கத்து மரக்கடையில் ஒரு பலகை கேட்டு வாங்கி அதன் முன்னால் நீட்டினாள். படம் யோசித்துவிட்டு ஏறிக்கொண்டது. மார்போடு அணைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து, அந்தக் கரையில் ஒரு சுவரில் இறக்கிவிட்டுத் திரும்பி நடந்தாள். பத்தடி போய்ப் பார்த்தால், படம் இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றது. அவள் இரண்டடி அதன் பக்கம் வந்தாள்; அது இரண்டடி முன்னே போனது. அவள் நின்றாள், அதுவும் நின்றது. "உனக்கும் அதே பிடிவாதமா?" என்று கேட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் கூட நடந்தாள்.

இரவு அப்பாவின் வீட்டை அடைந்தபோது கதவு திறந்தே இருந்தது. படம் அவளுக்கு முன்னால் உள்ளே போய், அப்பாவின் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் கண் உயரத்துக்கு ஏறி நின்றது. தாடியும் மீசையுமாக அப்பா அதைப் பார்த்தார், பிறகு வாசலில் நிற்கிறவளைப் பார்த்தார். சமையலறையிலிருந்து வந்த தம்பி கையில் கரண்டியோடு கதவோரமே நின்றுவிட்டான்.

"படம் கோணலா இருக்கு" என்றார் அப்பா.

"நான் நேராத்தான் எடுத்தேன்" என்றாள் அவள்.

பேச்சு அங்கேயே நின்றிருக்கும். ஆனால் தொழில் கை சும்மா இருக்குமா? பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, இன்னொரு நாற்காலி மேல் ஏறி, சுவரின் மேல்விளிம்பிலிருந்து நூலை விட்டாள். குண்டு ஆடியது, மெல்ல அடங்கியது. அப்பா எட்டிப் பார்த்தார். அந்த வீடும் அவர் கட்டியதுதான். அவள் பார்த்தாள், நூலை அவசரமாகச் சுற்றினாள், "சுவர் நேராத்தான்பா இருக்கு. படம்தான் கோணல்" என்றாள். ஒன்பது வருடத்தில், அல்ல, வேலைக்குப் போன நாளிலிருந்தே, அளவில் அவள் சொன்ன முதல் பொய் அது.

"பொய் சொல்லாத" என்றார் அப்பா. "ஒரு விரக்கடை இருக்கு." பிறகு திரையைத் துடைக்கும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கும் இருந்துச்சு."

தம்பி மூன்று தட்டு எடுத்து வைத்தான். அவள் மறுநாள் பஸ்ஸில்தான் திரும்பினாள். அடுத்த நாள் எடுத்த படமும் நடந்துதான் போனது, அதற்கடுத்ததும். இப்போது அந்த வழியில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள், ஈரத்தில் படங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, காயும்வரை சுவரோரம் ஒரு பலகை சாத்திவைக்கிறார்கள். பாலத்தின் இரு முனையிலும் மரக்கடைக்காரர் பலகை வைத்திருக்கிறார். போகிறவர்கள் யாராவது ஏற்றிக்கொண்டு போய் மறுகரையில் விடுகிறார்கள். மூன்று வருடம் கழித்துக் கம்பெனி அந்த வசதியைத் திரும்பக் கொடுத்தது, வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டதால் என்று பெருமையாக அறிவித்தது. அவள் 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே போகிறாள், மற்ற நாட்களில் படங்கள் போகின்றன. எதிர்ச்சுவரில் வந்து சேரும் படங்கள் எல்லாம் ஒரு விரற்கடை சாய்ந்தே நிற்கின்றன. யாரும் அவற்றை நிமிர்த்துவதில்லை.