பாஸ்வேர்டு தப்பு

மாடி வீட்டுக்காரிக்கு வேலை காதிலும் விரலிலும். எங்கோ நடக்கும் கூட்டங்களில் பேசுகிறவர்கள் பேசப் பேச, கேட்டு உடனுக்குடன் தட்டச்சு செய்வாள். காது கேளாதவர்கள் அதைத் திரையில் படித்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்தே செய்யும் வேலைதான். ஆனால் நடுவில் நெட் போய்விட்டால் அந்தப் பக்கம் யாரோ ஒருவருக்குக் கூட்டமே ஊமையாகிவிடும்.

கீழ் வீட்டில் அவள் கணவனுடைய அண்ணன் குடும்பம். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நெட் இணைப்பு. ரவுட்டர் மாடிக் கூடத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருந்தது. ஒரு மத்தியானம் கீழே டிவியில் படம் நின்று நின்று ஓடியது. கடைக்காரர் மாடியேறி வந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே போய் ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டுவிட்டு இறங்கிவிட்டார். அடுத்த அறையில் அவள் ஒரு மருத்துவர் குழுவின் கூட்டத்தில் பாதி வாக்கியத்தில் இருந்தாள்.

வேலை கொடுத்தவர்கள் அவளைக் காய்ச்சி எடுத்தார்கள். அவள் கீழே போய் அவரைக் காய்ச்சி எடுத்தாள்.

"கேட்டுட்டுத் தொட்டா என்ன மாமா? வாய் முத்து உதிர்ந்துடுமா?"

"எங்கப்பா கட்டின வீட்ல ஒரு சுவிட்சை அணைக்க நான் மனு போடணுமா?"

அவள் கணவர் பள்ளியில் பூகோள வாத்தியார். யாரோடும் சண்டைக்குப் போகாதவர், ஆனால் போனால் பாதியில் திரும்பத் தெரியாது. அன்று மாலையே பாஸ்வேர்டை மாற்றினார். கீழ் வீட்டார் அந்த வாரமே தனி இணைப்பு வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு படிக்கட்டில் எதிர்ப்பட்டால் எல்லோரும் சுவரைப் பார்த்தபடி நடந்தார்கள்.

இது நடந்து கொஞ்ச நாளில் மாடியில் நெட் விட்டு விட்டு வரத் தொடங்கியது. ஒரு நொடி போகும், வந்துவிடும். மற்றவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அவளுக்கு அந்த ஒரு நொடியில் ஒரு வாக்கியம் போய்விடும். நெட் கம்பெனிக்குப் போன் செய்தாள். லைன் நன்றாக இருக்கிறது, ரவுட்டருக்குள் போய் லாகைப் பாருங்கள் என்றார்கள். தனக்கு என்னென்ன நடந்தது என்று ரவுட்டர் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புதான் லாக்.

கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைத் திறந்தார்கள். பக்கம் பக்கமாக ஒரே வரி. ஏதோ ஒரு கருவி உள்ளே வர முயன்றது, பாஸ்வேர்டு தப்பு. மறுபடி முயன்றது, பாஸ்வேர்டு தப்பு. கருவியின் பெயர் இருந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று. அங்கங்கே வேறொரு வரி தலைகாட்டியது. நெரிசல், சேனல் மாற்றப்படுகிறது. அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அது அண்ணன் கடைக் கண்ணாடி.

"அண்ணன்தான்" என்றார்.

"மாமாவுக்கு போன்ல எழுத்தைப் பெரிசு பண்ணவே தெரியாது. அவரா வந்து பாஸ்வேர்டை உடைக்கப் போறாரு?"

"பின்ன எதுக்கு தினமும் காலையில மொட்டை மாடிக்குப் போறாரு? நம்ம வாசலைத் தாண்டித்தானே போகணும். முன்னெல்லாம் போவாரா?"

அவளும் அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டிருந்தாள். கடைக்காரர் முழங்கால் வலிக்காரர். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விட்டு ஏறுவார். வேவு பார்க்கிறவன் இவ்வளவு சத்தம் போடமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் கணவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் கம்பெனிக்காரர்கள் சொன்ன இன்னொரு யோசனையைச் செய்து பார்த்தாள். ரவுட்டரை இடம் மாற்றி வைக்கச் சொல்லியிருந்தார்கள். வயர் நீளமானது. வாசலைத் தாண்டி, மொட்டை மாடிக்குப் போகும் படியருகே ஒரு முக்காலியில் வைத்துவிட்டு லாகைத் திறந்தாள். நெட் அப்படியேதான் விட்டு விட்டு வந்தது. ஆனால் 'பாஸ்வேர்டு தப்பு' வரியின் கடைசியில் சிக்னல் அளவு என்று ஓர் எண் உண்டு. அது மாறியிருந்தது. அந்தக் கருவி இப்போது கிட்டத்தில் இருப்பதாகக் காட்டியது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு வயர் எட்டும்வரை நாலு படி ஏறினாள். இன்னும் கிட்டத்தில் என்றது. மறுபடி கூடத்துக்குக் கொண்டுபோனாள். தூரம் என்றது.

"ஏங்க, உங்கண்ணன் கீழ இருக்காரா, மேல இருக்காரா?"

"கீழதான். டிவி சத்தம் கேக்குதே."

"அப்ப திருடன் மேல இருக்கான்."

இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். துணிக்கொடியும் தண்ணீர் டேங்கும் தவிர அங்கே ஒன்றுமில்லை. வாத்தியார் பக்கத்துக் கட்டிடங்களைச் சந்தேகத்தோடு ஒரு சுற்று பார்த்தார். அவள் டேங்கைச் சுற்றி வந்தாள். மறுபக்கத்தில், டேங்கின் கழுத்தருகே, சோப்புப் பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி கட்டப்பட்டிருந்தது. அதில் ஒரு சின்ன நீல விளக்கு மின்னி மின்னி அணைந்தது. டேங்கில் தண்ணீர் குறைந்தால் நெட் வழியாகக் கீழே மோட்டாருக்குச் சேதி சொல்லும் பெட்டி அது. போன வருடம் கடைக்காரர்தான் வாங்கி வந்து மாட்டினார். பழைய பாஸ்வேர்டைக் கொடுத்து மாட்டியிருந்தார். அதைத்தான் அது இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

படியில் பெருமூச்சு கேட்டது. கடைக்காரர் தலையும் தோளுமாக மேலே வந்தார். இவர்களைப் பார்த்ததும் நின்றார். திரும்பிப் போவதா வருவதா என்று யோசிக்கிற மாதிரி ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"டேங்க்கைப் பாக்க வந்தேன்" என்றார், யாரும் கேட்காமலேயே.

"தினமும் இதுக்குத்தான் வர்றீங்களா மாமா?"

"தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டுப் போய் மோட்டாரைப் போடுறேன். உங்க வீட்டுக்கும் சேர்த்துதான் போடுறேன். இந்தப் பெட்டி வேலை செய்யல."

"பாஸ்வேர்டு மாறினதாலதான் வேலை செய்யலைன்னு தெரியலையா?"

"தெரியும்." அவர் துணிக்கொடியைப் பார்த்தார். "கேக்க வாய் வரல."

வாத்தியார், தான் சந்தேகப்பட்டது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று குனிந்து, பெட்டியைக் கட்டியிருந்த கம்பியை முறுக்கிப் பார்த்தார்.

"உங்க நெட்லயே சேர்த்துட வேண்டியதுதானே?" என்று அவள் கேட்டாள்.

"பாத்தேன். மோட்டாரைச் சேர்த்துட்டேன். இந்தப் பெட்டிக்குக் கீழேருந்து எட்டல."

கடைக்காரர் போனை எடுத்தார். பெட்டியை இணைக்கும் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "சொல்லு" என்றார்.

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். கோபத்தில் வைத்த பாஸ்வேர்டு. 'கேட்டுட்டுத்தொடு' என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதியது. மாற்றிவிட்டுச் சொல்லலாம்தான், ஆனால் கடைக்காரர் விரலை நீட்டிக் காத்திருந்தார்.

"நான் அடிச்சுத் தரேண்ணா" என்றார் வாத்தியார்.

"ஏன், எனக்கு எழுத்து தெரியாதா?"

அவளே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகத் தட்டினார். பாதி வரும்வரை அவருக்கு அது வெறும் எழுத்தாகத்தான் இருந்தது. முடித்தபின் ஒருமுறை வாய்க்குள் சேர்த்துப் படித்தார். மறுபடி படித்தார். வாத்தியாருக்குக் காது சிவந்துவிட்டது.

"மறக்காது" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான் சொன்னார். நீல விளக்கு மின்னுவதை விட்டு நிலையாக எரிந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே மோட்டார் ஓடும் சத்தம் வந்தது.

லாகில் அந்த வரி நின்றுவிட்டது. ஆனால் நெட் முன்போலவே விட்டு விட்டுத்தான் வந்தது. இப்போது அதில் மிச்சமிருந்தது ஒரே வகை வரி. நெரிசல், சேனல் மாற்றப்படுகிறது. அதற்கு நேராக இருந்த நேரங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முறை சேனல் மாறியபோதும் அவளுக்கு ஒரு வாக்கியம் போயிருந்தது.

போனோடு கீழே இறங்கினாள். ஓரகத்தி சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கும் நெட் விட்டு விட்டு வருதா?"

ஓரகத்தி மடிப்பை நிறுத்தினாள். "வருதே. நீங்கதான் ஏதோ பண்றீங்கன்னு இவர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்." சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவாயில்லக்கா. மேல உங்களைத்தான் சொல்லிக்கிட்டிருந்தோம்."

கீழ் வீட்டு ரவுட்டரின் லாகையும் திறந்து, இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டு ரவுட்டரும் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், இருந்திருக்கின்றன. கூட்டமாக இருக்கிறதென்று மாடி ரவுட்டர் வேறு சேனலுக்குப் போகும். அதே நினைப்பில் கீழ் ரவுட்டரும் அங்கேயே போய் நிற்கும். பிறகு இரண்டும் சேர்ந்து பழைய இடத்துக்கே வரும். ஒவ்வொரு தாவலுக்கும் இரண்டு வீட்டிலும் நெட் ஒரு நொடி நிற்கும்.

"வழியில எதிர்ல வர்றவங்களுக்கு ஒதுங்குறேன்னு போய் அவங்க மேலயே இடிப்போமே, அந்தக் கதை" என்றாள் ஓரகத்தி. "இப்ப என்ன பண்ணணும்?"

"தானா மாறாதேன்னு சொல்லி வெச்சுடணும். நீங்க ஆறுல இருங்க. நாங்க பதினொண்ணுக்குப் போயிடுறோம்."

"ஆறு நல்லதா, பதினொண்ணு நல்லதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"அப்ப நீ ஏன் பதினொண்ணை எடுத்துக்கிற?"

அவள் சிரித்துவிட்டாள். "சரி, நீங்களே பதினொண்ணை வெச்சுக்கங்க."

அடுத்த நாள் ஒரு பல்கலைக்கழகக் கூட்டம் முழுக்க அவளுக்கு ஒரு வார்த்தைகூட விடுபடவில்லை. பேசியவர் யாரும் கேட்கும்படி எதையும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

கீழ் வீட்டார் தனி இணைப்பை விடவில்லை. விடச் சொல்லி மாடியிலிருந்தும் யாரும் சொல்லவில்லை. சந்தேகப்பட்டதைத் தம்பி சொல்லவில்லை, அண்ணனும் துருவவில்லை. பெட்டியைச் சரி செய்தபோது வாத்தியார் டேங்க் மூடியைத் திறந்து பார்த்து, உள்ளே பாசி பிடித்திருப்பதைக் கவனித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பள்ளியும் கடையும் இல்லை. தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டேங்குக்குள் இறங்கினார். அண்ணன் வெளியே நின்று வாளியை வாங்கி வாங்கிக் கொட்டினார்.

"அந்த மூலையைத் தேய்டா" என்றார்.

"தேய்ச்சிட்டேன்."

"தேய்ச்ச லட்சணம் இங்கருந்தே தெரியுது."

டேங்குக்குள்ளிருந்து பிரஷ் உரசும் சத்தம் மறுபடி கேட்டது.